பதக்கமும் அலையும்

பண்டமாரானில் வாழும் நம் தமக்கையாரின் கழுத்தில் சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் கருநிறப் பதக்கம் ஒன்றைக் கண்டோம். வட்டமானது, ஐம்பது காசு நாணயத்தினும் சற்றே பெரியது. எரிமலைக் கல்லைப் பொடித்துச் செய்ததாம். விலை 480 வெள்ளி. மாதச் செலவை எண்ணி எண்ணிச் செய்யும் ஒரு மூதாட்டிக்கு அஃது எத்துணைப் பெரிய தொகை என்பதைத் தோட்டத்து அன்பர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

“இஃது எதற்கு, அக்கா?” என்று வினவினோம்.

“இதிலிருந்து அலை வருகிறது, தம்பி. பிளாஸ்மா அலை. உடம்புக்குள் மின்சாரத்தை ஓடச் செய்யுமாம். சர்க்கரை தானாக இறங்கிவிடும் என்றார்கள்,” என்றார்.

மருத்துவர் கொடுத்த மாத்திரைகள் எங்கே என்று கேட்டோம். அவற்றை நிறுத்தி நாற்பது நாளாயிற்று என்றார். வலக்காற் பெருவிரலில் ஒரு புண் இருந்தது. சிறியதுதான், ஆனால் ஆறவில்லை.

நம் தமக்கையார் யார் என்பதை ஈண்டுச் சிறிது கூறல் வேண்டும். கிள்ளானைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பதின்மூன்றாம் வயதில் பால்வெட்டுக் கத்தியைக் கையிலெடுத்தவர் அவர். தந்தையார் மறைந்தபின் அவர் கூலியே நம் வீட்டு அடுப்பை எரித்தது; நம் பள்ளிப் புத்தகங்களையும் அதுவே வாங்கிற்று. நாம் நாலெழுத்து அறிந்தோமாயின், அவர் விடியுமுன் எழுந்து மரம் மரமாக நடந்ததனால் அறிந்தோம். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடுகள் வந்தன. லயம் இடிக்கப்பட்டது. அவர் பண்டமாரானில் அடுக்குமாடி வீடு ஒன்றில் வந்து குடியேறினார். இவ்வாறு உழைத்து ஓய்ந்த ஒருவரின் கழுத்தில் அப்பதக்கத்தைக் கண்டபோது நமக்கு வந்த சினத்துக்கு அளவில்லை. அண்டை வீட்டுப் பெண்மணிகள் இருவர் அங்கிருந்தனர். அவர்கள் முன்னிலையிலேயே, “தாயத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இத்தனை வயதாகியும் அறிவு வேண்டாவா?” என்று கடிந்துரைத்தோம்.

அவர் சிறிது நேரம் வாளாவிருந்தார். பிறகு சொன்னார்: “நீ படித்தவன், தம்பி. இத்தனை வருஷமாக ‘அதை நம்பாதே, இதை நம்பாதே’ என்று சொல்கிறாய். எதை நம்பலாம் என்று ஒரு நாளாவது உட்கார்ந்து சொன்னாயா? அந்தப் பையன் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். காப்பி கொடுத்தான். தமிழிலே ஒன்றரை மணி நேரம் சொன்னான். அவன் சொன்னது பொய் என்றால் மெய் என்ன? பிளாஸ்மா என்று ஒன்று இல்லையா? அலை மின்சாரத்தை ஓட்டாதா? சொல்.”

நாம் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. பொய்யென்று அறிவோம், ஏன் பொய்யென்று அறியோம். மறுநாள் அவரை மருந்தகத்துக்கு அழைத்துச் சென்று புண்ணுக்குக் கட்டுப் போடச் செய்தோம். மாத்திரையைப் பற்றி மட்டும், “நீ வந்து சொல், பிறகு பார்ப்போம்,” என்று கூறிவிட்டார். மறுவாரம் வருவதாகச் சொல்லி விடைபெற்றோம்.

அந்த ஒரு வாரமும் நாம் மாணவராயினோம். நூல்களைத் தேடினோம், ஆராய்ச்சிக் கூடங்களின் அறிக்கைகளைப் படித்தோம், பௌதிகம் பயிற்றும் நண்பர் ஒருவரிடம் பாடம் கேட்டோம். படிக்கப் படிக்க நமக்கு வியப்பும் நாணமும் ஒருங்கே உண்டாயின. அவ்விளைஞன் வழங்கிய சொற்களுள் ஒன்றேனும் பொய்ச்சொல் அன்று! பிளாஸ்மா உண்டு. அலை உண்டு. அலையினால் பிளாஸ்மாவில் மின்சாரத்தை ஓட்டுவதும் உண்டு. அதற்கெனவே பல நாட்டு அறிஞர்கள் தம் வாழ்நாளைச் செலவிட்டுள்ளனர். மெய்யான சொற்களைக் களவாடிப் பொய்ச் சரக்கின்மேல் ஒட்டியதே அவன் செய்த தொழில். களவு போன பொருளை உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டுமானால், முதலில் அப்பொருள் இன்னதென நாம் அறிதல் வேண்டுமன்றோ?

மறுவாரம் மழை பெய்துகொண்டிருந்தது. காப்பியை முன்வைத்துக்கொண்டு இருவரும் அமர்ந்தோம். அண்டை வீட்டுப் பெண்மணிகளும் வந்து சேர்ந்தனர். நாம் அன்று கூறியதையே அன்பர்களுக்கும் இங்கே கூறுகின்றோம்.

பனிக்கட்டியைச் சூடாக்கினால் நீராகும். நீரைச் சூடாக்கினால் ஆவியாகும். ஆவியை மேன்மேலும் சூடாக்கினால், அதன் அணுக்களினின்று எலெக்ட்ரான் என்னும் மின்துகள்கள் கழன்று தனித்து ஓடும். அந்நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர். 1928-இல் லாங்மியூர் என்னும் அமெரிக்க அறிஞர் இப்பெயரை இட்டார். வானத்து மின்னல் பிளாஸ்மா. ஞாயிறு பிளாஸ்மா. தமக்கையாரின் கூரையில் அப்போது எரிந்துகொண்டிருந்த குழல்விளக்கின் உள்ளிருப்பதும் பிளாஸ்மாவே. இரத்தத்தின் நீர்ப்பகுதிக்கும் பிளாஸ்மா என்றே மருத்துவர் கூறுவர். ஆயினும் பெயர்தான் ஒன்று, பொருள் முற்றிலும் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டியதுதான் பதக்கக்காரனின் முதல் சூழ்ச்சி.

ஞாயிற்றின் நடுவே வெப்பம் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பாகை. அங்கே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து பேராற்றலை விடுக்கின்றன. அவ்விணைப்பை நிலவுலகில் நிகழ்த்தி மின்சாரம் எடுத்தல் வேண்டுமென்பது அறிஞர்களின் நோக்கம். ஞாயிற்றின் எடையும் நெருக்கமும் இங்கே இல்லையாதலின், நமக்கு அதனினும் மிகுந்த வெப்பம், ஏறத்தாழ 15 கோடிப் பாகை, வேண்டும். இத்துணை வெப்பத்தை எந்தக் கலம் தாங்கும்? எதுவும் தாங்காது. ஆகவே காந்தத்தால் ஒரு கூடு கட்டினர். 1950-களில் ரஷிய அறிஞர்கள் வகுத்த அக்கூட்டுக்கு டோக்கமாக் என்று பெயர். அதன் வடிவம் நடுவில் துளையுடைய உளுந்துவடையின் வடிவம்.

வடையைச் சுற்றிக் காந்தக் கம்பிச்சுருள்களை அடுக்கினால் மட்டும் போதாது. பிளாஸ்மா மெல்ல மெல்ல ஒழுகிப்போகும். கயிற்றுக்குப் புரி இருப்பதுபோலக் காந்தக் கோடுகளுக்கும் ஒரு முறுக்கு இருத்தல் வேண்டும். அம்முறுக்கைத் தருவது யாது? பிளாஸ்மாவினூடே, வடையைச் சுற்றி ஓடும் மின்னோட்டம். மின்னோட்டம் நின்றால் முறுக்கு அவிழும். முறுக்கு அவிழ்ந்தால் கூடு கலையும். பிரான்சில் ஏழு தரப்பினர் சேர்ந்து கட்டிவரும் ஐட்டர் என்னும் பெரும் பொறியில் ஒன்றரைக் கோடி ஆம்பியர் மின்னோட்டம் ஓட வேண்டுமென்று கணித்துள்ளனர்.

அம்மின்னோட்டத்தை உண்டாக்கப் பழைய வழி ஒன்று உண்டு. தெருவோரத்து மின்மாற்றியை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். அதில் இரண்டு கம்பிச்சுருள்கள். ஒன்றில் மின்சாரம் மாறிக்கொண்டிருக்கும்போது மற்றொன்றில் மின்சாரம் எழும். டோக்கமாக்கில் வடையின் துளைக்குள் ஒரு சுருளை நிறுத்தினர். மற்றொரு சுருளின் வேலையைப் பிளாஸ்மாவே செய்யும். ஆனால் இதில் ஒரு குறை. முதற்சுருளின் மின்சாரம் ஒரே திசையில் மாறிக்கொண்டே இருத்தல் வேண்டும். ஓர் எல்லைக்குமேல் அது மாற இடமில்லை. குடத்தைச் சாய்த்து நீர் வார்ப்பது போன்றது இது. குடம் வறண்டதும் வார்ப்பு நின்றுபோம். காப்பார்க் கடற்கரையில் நிலக்கரி எரிக்கும் மின்நிலையம் இரவும் பகலும் ஓடுகின்றது. நிமிடத்துக்கு நிமிடம் நின்றுபோகும் நிலையத்தை வைத்துக்கொண்டு நாடு என் செய்யும்?

“அப்படியென்றால் குடத்தை விட்டுக் குழாய் வைக்க வேண்டும்,” என்றார் தமக்கையார்.

அவர் கூறியது மெத்தச் சரி. அக்குழாய்தான் அலை.

அவர் வீட்டு வானொலி மின்னல் பண்பலையைப் பாடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் அதன் அலை வினாடிக்கு 9 கோடியே 63 இலட்சம் முறை அதிர்கின்றது. சமையலறையில் உணவு சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் அலை வினாடிக்கு 245 கோடி முறை அதிரும். பிளாஸ்மாவில் மின்சாரம் ஓட்டப் பல கூடங்களில் வழங்கும் அலை 370 கோடி முறை அதிரும். மூன்றும் ஓரினத்தவை. அவ்வலையைச் செவ்வகக் குழாய்கள் பலவற்றின் வழியாகப் பிளாஸ்மாவுக்குள் விடுகின்றனர். குழாய்கள் எல்லாம் ஒரே கணத்தில் விடுவதில்லை. வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக, மிகச் சிறிய தாமதத்துடன் விடும். அதனால் அலை ஒரு திசை நோக்கி ஓடும். அதன் வேகம், ஒளியின் வேகத்தில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை.

இனி, அலை எலெக்ட்ரானை எவ்வாறு தள்ளுகின்றது? இவ்விடத்தில் நாம் சற்றே தடுமாறினோம். பிறகு தோட்டத்து லோரி நினைவுக்கு வந்தது. மலைக்காட்டு வேலை முடிந்து புறப்படும் லோரியைத் தவறவிட்ட இளைஞர்கள் அதன் பின்னே ஓடித் தாவியேறுவார்களே, அதை நினைவூட்டினோம். தமக்கையார் நகைத்தார். “நின்றுகொண்டிருப்பவனை அது விட்டுவிட்டுப் போகும். ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடுகிறவன்தான் பின்பலகையைப் பிடிப்பான்; அவனைத்தான் அது இழுத்துக்கொண்டு போகும்,” என்றார்.

அதுவே, அன்பர்களே, 1946-இல் லாண்டாவ் என்னும் ரஷியப் பேரறிஞர் கணக்கினால் காட்டிய உண்மை. அலையின் வேகத்தோடு ஏறத்தாழ ஒத்து ஓடும் எலெக்ட்ரான்களே அலையோடு கொடுக்கல் வாங்கல் செய்யும். அலைக்குச் சிறிது பின்தங்கியவை அதனிடமிருந்து பெறும். சிறிது முந்தியவை அதற்குக் கொடுக்கும். பின்தங்கியவையே தொகையில் மிகுதி. ஆதலின் மொத்தத்தில் எலெக்ட்ரான்கள் பெறும், அலை இழக்கும். ஒரு திசை நோக்கி எலெக்ட்ரான்கள் தள்ளப்படுதல் என்பதற்கு மறுபெயர்தான் மின்னோட்டம்.

இது கட்டுப்படியாகுமா என்னும் ஐயம் அறிஞரிடையே நெடுநாள் இருந்தது. மெதுவாக ஓடும் எலெக்ட்ரானைத் தள்ளச் செலவு குறைவு. ஆயின் அது பக்கத்திலுள்ளவற்றோடு மோதிப் பெற்ற தள்ளை உடனே இழந்துவிடும். விரைந்து ஓடுவதைத் தள்ளச் செலவு மிகுதி. எதனைத் தள்ளுவது? 1978-இல் நதானியல் ஃபிஷ் என்னும் அமெரிக்க அறிஞர் விடை கூறினார். விரைந்து ஓடுவதையே தள்ளுக என்றார். அது பிறவற்றைக் கடந்து செல்லும் நேரம் மிகக் குறைவாதலின் அவற்றின் இழுப்பு அதைப் பெரிதும் பற்றுவதில்லை. வேகம் இரு மடங்கானால் மோதல் எட்டிலொரு பங்காகக் குறையும். தள்ளச் செலவு மிகுந்தாலும், தள்ளியது நெடுநேரம் நிற்கும். முடிவில் ஆதாயமே என்று கணக்கிட்டுக் காட்டினார்.

கணக்கு காகிதத்தோடு நின்றுவிடவில்லை. 1980-இல் ஜப்பானில் அலையினால் மின்னோட்டம் எழக் கண்டனர். அடுத்த சில ஆண்டுகளில் பிரின்ஸ்டன் நகரத்துக் கூடத்தில், மின்மாற்றியின் துணையின்றி, அலையொன்றாலேயே மின்னோட்டத்தைச் சில வினாடிகள் நிலைநிறுத்தினர். 2003-இல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தார், மெல்லிய சிறிய பிளாஸ்மா ஒன்றை அலையைக் கொண்டே 5 மணி 16 நிமிடம் காத்தனர். அதே ஆண்டில் பிரான்சின் கதராஷ் கூடத்தார், மிகுந்த ஆற்றலுடைய பெரிய பிளாஸ்மாவை ஆறரை நிமிடம் வைத்திருந்தனர். அப்பொறியையே பின்னர்த் திருத்தியமைத்து வெஸ்ட் என்று பெயரிட்டனர். 2025 பிப்ரவரி 12-ஆம் நாள் அது 1,337 வினாடி, அதாவது 22 நிமிடம் 17 வினாடி, பிளாஸ்மாவை நிறுத்திற்று. அதற்காக உள்ளே செலுத்திய அலையின் வலிமை 2 மெகாவாட். ஆயிரம் மின்கெண்டிகளில் ஒரே நேரத்தில் நீர் கொதிக்கவைப்பதற்கு ஒப்பான வலிமை அது.

இவ்விடத்தில் நாம் பதக்கத்தைச் சுட்டிக் காட்டினோம். “அக்கா, மெய்யான அலைக்கு ஆயிரம் கெண்டிகளின் மின்சாரம் வேண்டும். இதற்கு மின்கம்பி எங்கே? பாட்டரி எங்கே? கொடுக்காத கை வாங்குமா?” என்று கேட்டோம். அவர் பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நெதர்லாந்து நாட்டில் நிகழ்ந்த ஒன்றையும் சொன்னோம். 2021 டிசம்பரில் அந்நாட்டு அணுப் பாதுகாப்பு ஆணையம், தீய அலைகளினின்று காக்கும் என்று விற்கப்பட்ட பதக்கங்கள், கைவளையங்கள் முதலிய பத்துப் பொருள்களைச் சோதித்தது. அவற்றில் கதிரியக்கம் இருக்கக் கண்டு, அணியாதீர்கள் என்று எச்சரித்தது. தமக்கையாரின் பதக்கம் அவ்வினத்தைச் சேர்ந்ததென்று நாம் கூறவில்லை. சோதித்துப் பாராத ஒன்றைப் பற்றி உறுதி கூறினால், நமக்கும் பதக்கக்காரனுக்கும் வேற்றுமை யாது?

“இதெல்லாம் வெள்ளைக்காரனும் ஜப்பான்காரனும் செய்தது. நம்மவர் யாராவது உண்டா?” என்று அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

உண்டு. குஜராத்தில் காந்திநகரை அடுத்துப் பிளாஸ்மா ஆராய்ச்சிக் கழகம் என்னும் நிலையம் இருக்கின்றது. அதன் முதல் இயக்குநர் பிரெதிமன் காவ். 1948-இல் ஸ்ரீநகரில் பிறந்தவர்; பதினெட்டு வயதிலேயே டாக்டர் பட்டம் பெற்றவர். பிரின்ஸ்டனில் புகழோடு பணியாற்றியவர் அதை விடுத்து நாடு திரும்பினார்; 2017-இல் மறைந்தார். அங்கே ஆதித்யா என்னும் டோக்கமாக்கை இந்தியர்களே வகுத்துக் கட்டி 1989-இல் இயக்கினர். அடுத்து, எஸ்.எஸ்.டி.-1 என்னும் பொறியை எடுத்துக்கொண்டனர். மின்தடையற்ற கம்பிகளால் ஆன காந்தங்களை அமைத்து, வினாடிக்கு 370 கோடி முறை அதிரும் அலையால் மின்னோட்டத்தைத் தாங்கி, 1,000 வினாடி வரை பிளாஸ்மாவை நிறுத்துவதே அதன் குறிக்கோள்.

குறிக்கோள் எளிதில் கைகூடவில்லை. முதலில் கூட்டிய பொறி குளிர்விக்கும் சோதனையில் தேறவில்லை. வாயு கசிந்தது, கம்பிகளின் இணைப்புகள் எதிர்பார்த்தவாறு அமையவில்லை. என் செய்தனர்? குறையை மறைத்துவிட்டு விழா எடுத்தனரோ? இல்லை. பொறியைப் பிரித்தனர். காந்தங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். இணைப்புகளைப் புதுக்கினர். மீண்டும் கூட்டினர். 2013 ஜூன் மாதத்தில் முதற் பிளாஸ்மா எழுந்தது. அதன்பின்னும் முதல் ஆண்டுகளில் கிடைத்த பிளாஸ்மாக்கள் ஒரு வினாடியை எட்டவில்லை. 1,000 வினாடி எங்கே, ஒரு வினாடி எங்கே! இந்த இடைவெளியை அவர்களே தம் அறிக்கைகளில் எழுதிவைத்துள்ளனர். நாமும் அங்கிருந்துதான் அறிந்தோம்.

நம் நாட்டிலும் இத்துறை புதிதன்று. பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அண்மையிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில், 1980-களில் பேராசிரியர் லீ சிங் தலைமையில், சிறிய செலவில் செய்யத்தக்க பிளாஸ்மாக் கருவி ஒன்றை அமைத்தனர். அது டோக்கமாக் அன்று. அலையால் ஓடுவதும் அன்று. மின்தேக்கியில் சேர்த்த மின்சாரத்தை ஒரே வீச்சில் விட்டுப் பிளாஸ்மாவை நெரிக்கும் கருவி. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இளம் ஆராய்ச்சியாளர்கள் கோலாலம்பூருக்கு வந்து பயின்று, அக்கருவியைத் தத்தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றனர். கிள்ளானிலிருந்து இரயிலேறிப் போய்வரும் தொலைவில் இது நடந்திருக்கின்றது. நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இவ்வளவும் கேட்டபின் தமக்கையார் ஒரு வினா வினவினார். அதற்காகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம் எனினும் தகும்.

“எல்லாம் சரி, தம்பி. இந்த அலையால் இதுவரை எந்த ஊரில் எந்த வீட்டில் விளக்கு எரிந்தது?”

நாம் மெய்யுரைத்தோம்: “இன்னும் இல்லை, அக்கா.”

அணுக்கரு இணைவினால் பெற்ற மின்சாரம் இதுவரை எந்த வீட்டுக்கும் சென்றதில்லை. இங்கிலாந்தில் இருந்த ஜெட் என்னும் டோக்கமாக், 2023-இல் தன் இறுதிச் சோதனைகளில் ஐந்து வினாடி அளவில் 69 மெகாஜூல் ஆற்றலைத் தந்தது. மின்கட்டணச் சீட்டின் கணக்கில் சொன்னால் அது 19 யூனிட். அதுவும் வெப்பமேயன்றி மின்சாரம் அன்று; அதைப் பெறுவதற்குச் செலவிட்ட ஆற்றலோ அதனினும் மிகுதி. ஐட்டர் பொறியில் முழு எரிபொருளைக் கொண்டு செய்யும் சோதனைகள் 2039-இல் தொடங்கும் என்று 2024-இல் புதிய கால அட்டவணை வெளியிட்டனர். முன்னர்ச் சொன்ன நாள்கள் எல்லாம் தவறிவிட்டன.

அலைக்கும் எல்லை உண்டு. நாம் மேலே விரித்துரைத்த அலை, அடர்ந்த பிளாஸ்மாவின் நடுவே நுழைய இயலாது, புறத்தேயே அடங்கிவிடும். ஆதலால் ஐட்டரின் முதல் ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை. வேறு அலைகளைத் தெரிந்துகொண்டனர். அவற்றுள் ஓரினத்துக்கு வேண்டும் மின்மூலங்களை வழங்கும் பொறுப்பு இந்தியாவினுடையது. அவ்வலையின் அதிர்வு மின்னல் பண்பலையின் அதிர்வில் ஏறத்தாழப் பாதி. மேலும், அலையை உண்டாக்கவே மிகுந்த மின்சாரம் செலவாகின்றது. விளைவதையெல்லாம் விதைக்கே செலவிட்டால் உழவன் உண்பது யாது? ஆகவே, பிளாஸ்மா தன் அழுத்த வேறுபாட்டினால் தானே எழுப்பிக்கொள்ளும் மின்னோட்டத்தை மிகுதியாக்கி, குறைந்ததை மட்டும் அலையால் நிரப்ப வேண்டுமென்று முயல்கின்றனர்.

“அந்தப் பையன் ஒரு தடவைகூட ‘இன்னும் இல்லை’ என்று சொல்லவில்லை,” என்றார் தமக்கையார் மெதுவாக.

நாம் அப்போது அவருக்கு இன்னும் மூன்று செய்திகளைச் சொன்னோம். 1955-இல் ஜினீவா மாநாட்டுத் தலைமையுரையில் நம் ஹோமி பாபா, இருபது ஆண்டுகளுள் இவ்வாற்றலை அடக்கியாளும் வழி காணப்படும் என்று உரைத்தார். இருபது ஆண்டுகள் கழிந்தன; வழி கைகூடவில்லை. எத்துணைப் பெரியவர் உரைத்ததாயினும் தவறு தவறே. 1958 ஜனவரியில் இங்கிலாந்தின் அறிஞர்கள் ஸீட்டா என்னும் பொறியில் இணைவு நிகழ்ந்ததென்று உலகறியப் பறைசாற்றினர். நான்கு மாதம் செல்லுமுன், தாம் கண்டது அதுவன்று என்று தாமே ஒப்புக்கொண்டனர். 1968-இல் ரஷியர் தம் டோக்கமாக்கில் ஒரு கோடிப் பாகை வெப்பம் கண்டோம் என்றபோது, பிறர் நம்பவில்லை. இரு தரப்பும் பகைகொண்டிருந்த காலம் அது. ஆயினும் ரஷியர் இங்கிலாந்தாரை அழைத்தனர். அவர்கள் 1969-இல் தம் கருவிகளோடு மாஸ்கோவுக்குச் சென்று, லேசர் ஒளியால் அளந்து, ரஷியர் சொன்னது மெய் என்று உலகுக்கு அறிவித்தனர்.

வாசக அன்பர்களே! அறிஞருக்கும் எத்தருக்கும் உள்ள வேற்றுமையை நாம் இதற்குமுன் சரியாக உணர்ந்ததில்லை. அறிஞர் தவறமாட்டார் என்பதன்று வேற்றுமை, தவறுகின்றனர். வாக்குறுதி பொய்ப்பதில்லை என்பதும் அன்று, பலமுறை பொய்த்திருக்கின்றது. எதிரியை அழைத்து அளக்கச் சொல்வதும், அளவு ஒவ்வாதபோது சொல்லைத் திரும்பப் பெறுவதும், எழுபது ஆண்டு உழைத்தபின்னும் விளக்கு எரியவில்லையாயின் ‘இன்னும் இல்லை’ என்று கூறுவதுமே வேற்றுமை. பதக்கக்காரனுக்கு இம்மூன்றும் இயலா.

நம் குற்றத்தையும் இங்கே சொல்லிவிடுகின்றோம். தமக்கையார் அப்பதக்கத்தை வாங்கியது அறிவின்மையால் அன்று. தமக்குப் புரியும் மொழியில் தம்மை மதித்து ஒருவன் விளக்கினான், அதனால் வாங்கினார். அவ்விருக்கையில் அமர்ந்து அவருக்கு விளக்கியிருக்க வேண்டியவர் நாம். அவர் காசில் படித்த நாம் படித்ததை அவரிடம் கொண்டுசெல்லவில்லை. கடிந்துகொள்ள மட்டும் சென்றோம். வெற்றிடத்தை நாம் விட்டோம். எத்தன் வந்து அமர்ந்தான். லோரிக் கதையை நாம் எடுத்துக் கொடுத்ததும், லாண்டாவின் கணக்கைத் தம் சொல்லால் முடித்துக் கூறியவர் அவரே அன்றோ? அவருக்கு விளங்காதென்று இத்தனை ஆண்டும் எண்ணியிருந்த நம் பேதைமையை என்னென்பது!

தமக்கையார் அன்றிரவே மாத்திரையைத் தொடங்கினார். விரற்புண் ஆறுவதற்கு மூன்று மாதம் ஆயிற்று. கொடுத்த பணம் திரும்பவில்லை. கேட்கச் சென்றபோது அக்கூட்டத்தார் அந்த இடத்தில் இல்லை. பதக்கத்தை எறிந்துவிடுங்கள் என்றோம். “480 வெள்ளி, தம்பி, எறிய மனம் வராது,” என்று கூறி, ஒரு தகர டப்பாவில் இட்டுப் பழைய பால்வெட்டுக் கத்தியோடு அலமாரியின்மேல் வைத்துவிட்டார். நாமும் வற்புறுத்தவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பதினாறு பெண்மணிகள் கூடினர். அவர்களுள் நால்வர் கழுத்தில் அதே பதக்கம் இருந்தது. நாற்காலிகளை இட்டவரும் காப்பி கலந்தவரும் தமக்கையார்தாம். நாம் பேசத் தொடங்குமுன் அவர் எழுந்து, “தம்பி சொல்வான். புரியாவிட்டால் நடுவிலேயே நிறுத்திக் கேளுங்கள், நானும் அப்படித்தான் கேட்டேன்,” என்றார்.